ஒல்லாந்தராட்சியில் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவம்: தோம்பும் விசுவாசமும்

1806ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துக்கு வந்த குளோடியஸ் புக்கானன் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு, தாம் அங்கு கண்டவற்றைப் பின்னர் நூலாக எழுதியபோது பெரிதும் மனம் வருந்தியே எழுதினார். ஒல்லாந்தர் பேணிய தேவாலயங்கள் கூரையிழந்து கிடந்தன. அவற்றிற் பணிபுரிந்த ஒல்லாந்தப் பாதிரிமார் ஒருவரும் எஞ்சியிருக்கவில்லை. யாழ்ப்பாண நகரிலே புரட்டஸ்தாந்துப் போதகராக விளங்கியவர், தரங்கம்பாடியிலிருந்து வந்த கிறிஸ்தியான் டேவிட் என்னும் தமிழர் ஒருவரே. இவற்றிலும் மேலாகப் புக்கானனை உறுத்திய செய்தி வேறொன்று. கோவாவிலிருந்து வந்த கத்தோலிக்கக் குருமார் எவருடைய தடையுமின்றி அந்நாட்டைத் தமதாக்கிக் கொண்டிருந்தனர் என்பதே அது.

இக்காட்சியின் வியப்பை உணர்வதற்குச் சில ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். ஆங்கிலேயர் இலங்கையின் கரையோரங்களைக் கைப்பற்றியது 1796இல். 1799 முதல் 1804 வரை கொழும்பிலே படைக் குருவாகவிருந்த ஜேம்ஸ் கோடினர், நாட்டிலுள்ள சுதேச புரட்டஸ்தாந்தரின் தொகை மூன்று இலட்சத்து நாற்பதினாயிரத்துக்கும் அதிகமெனப் பதிவேடுகளைக் கொண்டு குறித்துள்ளார். அவர்களுட் பெருந்தொகையினர் யாழ்ப்பாணப் பகுதியினர். சில ஆண்டுகளுள் இம்மக்கள் எங்கே மறைந்தனர்? கொள்ளைநோய் வரவில்லை, போர் நிகழவில்லை, எவரும் நாடுவிட்டு ஓடவுமில்லை. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு அவர்கள் கிறிஸ்தவர் அல்லராயினர். மறுபுறத்தில், ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகச் சட்டத்தால் விலக்கப்பட்டிருந்த கத்தோலிக்க சமூகமோ, தடை நீங்கியவுடன் தன் கோயில்களோடும் தலைவர்களோடும் வெளியே வந்து நின்றது.

இவ்வேறுபாட்டைச் சமயப் பிரிவுகளுக்கிடையிலான வெற்றி தோல்வியாகக் காண்போர் உளர். அது வரலாற்று நோக்காகாது. ஏனெனில், கத்தோலிக்க சமயமும் இந்நாட்டிலே ஆட்சியாளரின் சமயமாகவே வேரூன்றத் தொடங்கியது. மன்னாரிற் கிறிஸ்தவரானோர் அறுநூற்றுவர் வரையிலே 1544இற் சங்கிலி மன்னனின் ஆணையாற் கொல்லப்பட்டனர் என்பதும், அவர்கள் தம் நம்பிக்கைக்காக உயிர் கொடுத்தனர் என்பதும் உண்மையே. ஆனால் 1560இல் மன்னாரையும் 1619இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயர் கைப்பற்றிய பின்னர் ஏற்பட்ட மதமாற்றங்களை அவ்வகையிற் சேர்த்தெண்ண முடியாது. கோயில்கள் இடிக்கப்பட்டன; பதவியும் சலுகையும் ஞானஸ்நானம் பெற்றோருக்கே கிடைத்தன. ஊர்த்தலைவர் சேர, ஊரும் சேர்ந்தது. நாற்பது ஆண்டு காலப் போர்த்துக்கேய ஆட்சியில் யாழ்ப்பாணம் முழுவதுமே கிறிஸ்தவ நாடாகக் கணக்கிடப்பட்டது. ஆகவே, 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தபோது அங்கே ஆழ்ந்த பற்றுடைய கத்தோலிக்கரும் இருந்தனர். பெயரளவிற் கத்தோலிக்கராயிருந்து இல்லத்தில் விளக்கேற்றித் திருநீறு பூசியோரும் இருந்தனர். இவ்விரு சாராரையும் பிரித்தறியும் கருவி எதுவும் அந்நாளில் எவரிடமும் இருக்கவில்லை. அக்கருவியை அறியாமலே ஆக்கிக் கொடுத்தவர் ஒல்லாந்தர் எனலாம்.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி வணிகத்துக்காக வந்தது. ஆயினும் போர்த்துக்கேயர்பாற் கொண்ட பகைமையும் அச்சமும் காரணமாகக் கத்தோலிக்க சமயத்தை அது அரசியல் ஆபத்தாகவே கருதியது. யாழ்ப்பாணம் வீழ்ந்த அவ்வாண்டிலேயே, கத்தோலிக்கக் குருவானவருக்கு இடங்கொடுப்போருக்கு மரணதண்டனை என்னும் கட்டளை பிறந்தது. போர்த்துக்கேயக் குருமார் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். முப்பதுக்கு மேற்பட்ட கோயிற்பற்றுகளில் இருந்த கோயில்கள் ஒல்லாந்தச் சீர்திருத்தச் சபையின் ஆலயங்களாக மாறின. சுரூபங்கள் அகற்றப்பட்டன, சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டன, பீடமிருந்த இடத்திற் பிரசங்கமேடை நின்றது. முன்னாட் பூசை கண்ட மக்கள், அதே கட்டடத்திற் பிரசங்கம் கேட்குமாறு பணிக்கப்பட்டனர்.

இவ்வமைப்பின் அச்சாணியாக விளங்கியவர் பாதிரியார் அல்லர், பள்ளிக்கூட வாத்தியாரே. பாதிரிமாரின் தொகை எக்காலத்தும் மிகக் குறைவு. அவர்களுட் பலர் தமிழறியாதோர். ஒவ்வொரு கோயிற்பற்றிலும் ஆலயத்தோடு ஒட்டிய பள்ளிக்கூடம் ஒன்றிருந்தது. அதன் வாத்தியாரே ஞாயிற்றுக்கிழமைகளிற் பிரசங்கம் வாசித்தார். பிறப்பு, ஞானஸ்நானம், விவாகம் ஆகியவற்றைத் தோம்பிற் பதிந்தார். பிள்ளைகள் பள்ளிக்கு வராவிடிற் குற்றப்பணம் விதிப்பதற்குக் காரணராகவும் இருந்தார். கர்த்தர் கற்பித்த செபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள் என்பவற்றை ஒப்புவிக்க முடியாதவருக்கு விவாகம் பதியப்படுவதில்லை. பதியாத விவாகத்திற் பிறந்த பிள்ளைக்கு முதுசொம் சேர்வதில் இடர் உண்டு. உத்தியோகமோ எண்ணவும் இயலாது. இவ்வாறு, ஒருவன் பிறந்தான் என்பதற்கும் மணந்தான் என்பதற்கும் தந்தையின் காணிக்கு உரியவன் என்பதற்கும் தேவாலயத் தோம்பே சான்றாயிற்று. இன்றைய ஆட்சி நூல்களின் மொழியிற் கூறுவதாயின், ஞானஸ்நானம் என்பது ஒரு குடியியற் பதிவாகிவிட்டது.

இதனை அந்நாட் பாதிரிமார் அறியாதவரல்லர். 1658 தொடக்கம் 1665 வரை யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பிலிப்பஸ் பால்டேயஸ், தமிழ் கற்று, தமிழெழுத்துக்களையும் தமிழ்ச் செபங்களையும் 1672இல் அம்ஸ்ரர்டாமில் வெளியிட்ட தமது பெருநூலிற் சேர்த்தவர். அந்நூலிற் கோயிற்பற்றுக்கள் ஒவ்வொன்றாக வருணிக்கப்படுகின்றன. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் கணக்குத் தரப்படுகின்றது. கிறிஸ்தவரின் மொத்தத் தொகை அறுபதினாயிரத்துக்கு மேலெனக் காட்டப்படுகின்றது. அதே நூலில், இம்மக்களின் கிறிஸ்தவம் பெரும்பாலும் பெயரளவினதே என்ற கவலையும் இழையோடுகின்றது. தோம்பை நிரப்பியவரே அத்தோம்பை ஐயுற்றார் என்பது கருதற்பாலது. பால்டேயஸை வெறும் அதிகாரியென ஒதுக்குதல் நீதியன்று. பரந்த மாகாணமொன்றிற் பெரும்பாலும் தனியராய் நின்று உழைத்த அவர், தம்மிடம் வந்தோரின் நாவைக் கேட்கவே வாய்ப்புப் பெற்றார். இல்லங்களுக்குள் நுழைய அவரால் முடியவில்லை.

இல்லங்களுக்குள் நிகழ்ந்தது என்ன? யாழ்ப்பாணத்துச் சைவர் மத்தியில் வழிவழியாக வழங்கிவரும் செய்தியொன்று இதற்கு நல்ல விளக்கமாகும். விரதநாளில் வாழையிலையிற் சோறுண்டபின், அவ்விலையை வெளியே எறிந்தால் விரதம் அனுட்டித்தமை வெளிப்பட்டுவிடும் என்றஞ்சி, அதனைக் கூரையின் இறப்பிலே செருகி மறைத்தனர் என்பர். ஆலயத்திற் பத்துக் கற்பனைகளை ஒப்புவித்த அதே நாவே அன்றிரவு தேவாரத்தையும் மெல்லென ஓதியிருக்கும். இம்மக்களை நயவஞ்சகர் என்று கூறுதல் எளிது. அன்றைய மிசனரிமார் பலரும் அவ்வாறே கூறினர். ஆனால் அவர்கள் தம் உள்ளத்துக்கு உண்மையாக இருந்தனர் என்பதையே அவ்விலை காட்டுகின்றது. உள்ளத்துக்கு உண்மையாக இருப்பதற்கு இடமளியாத ஒரு பதிவேட்டுக்கே அவர்கள் பொய்யாயினர்.

கத்தோலிக்கரின் நிலை இதனிலும் சிக்கலானது. சைவருக்குத் தம் சமயத்தை இல்லத்தளவிற் பேண முடிந்தது. அயலிலே வன்னியும் கடலுக்கப்பாற் சோழநாடும் இருந்தன. கத்தோலிக்க வழிபாடோ குருவின்றி நிறைவுறாதது. பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, நற்கருணையில்லை என்றால் அச்சமயத்தின் உயிர்நாடியே அறுந்ததாகும். 1658 முதல் 1687 வரை, ஏறத்தாழ முப்பதாண்டுகள், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் நிலையான குருவின்றியே வாழ்ந்தனர். அக்காலத்திற் பிறந்து வளர்ந்து பிள்ளைபெற்ற ஒரு தலைமுறை, பூசை என்பதைப் பெற்றோர் வாய்க்கேட்டதன்றிக் கண்டதில்லை. சிலர் சுரூபங்களோடு காட்டை நாடினர். மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தை எடுத்துக்கொண்டு 1670 அளவில் வன்னிக்காட்டுக்குச் சென்ற குடும்பங்களாலேயே மருதமடுத் தலம் தோன்றியதென்பது மரபு. ஏனையோர் ஊர்களிலேயே தங்கி, செபமாலையையும் பாட்டையும் பற்றிக்கொண்டனர்.

பாட்டு என்றது வெறும் அலங்காரத்துக்காகவன்று. 1647இல், அதாவது போர்த்துக்கேயர் ஆட்சி முடிய ஒரு தசாப்தமே இருந்தபோது, தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் சந்தியோகுமையோர் அம்மானையைப் பாடினார். ஞானப்பள்ளும் அக்காலத்தை அடுத்து எழுந்ததே. அம்மானை என்பது எழுத்தறியாதவரும் கேட்டு மனத்திருத்தக்கூடிய வடிவம். ஒருவர் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்பது. குருவில்லாக் காலத்தில் வேதக்கதை நிலைத்திருப்பதற்கு இதனினும் ஏற்ற கலம் வேறில்லை. ஒல்லாந்தர் கோயிலைக் கைப்பற்றினர். திண்ணையிற் கூடி அம்மானை படிப்பதை அவர்களாற் கைப்பற்ற முடியவில்லை. நம் இலக்கிய வரலாற்று நூல்கள் இவ்வாக்கங்களைச் செய்யுட்சிறப்பு நோக்கியே மதிப்பிட்டு, இரண்டாந்தரமெனத் தள்ளிவிடுவது வழக்கம். அவை ஆற்றிய பணியை நோக்கின் அம்மதிப்பீடு மாறக்கூடும்.

இந்நிலையிலேதான் யோசேவாஸ் அடிகளின் வருகை நிகழ்ந்தது. 1651இற் கோவாவைச் சேர்ந்த பெனோலிமிலே கொங்கணி பேசும் பிராமணக் கத்தோலிக்கக் குடும்பமொன்றிற் பிறந்து, 1676இற் குருப்பட்டம் பெற்ற அவர், இலங்கைக் கத்தோலிக்கர் குருவின்றித் தவிப்பதைக் கேள்வியுற்றார். கோவாவில் இந்தியக் குருமாருக்கென உருவாகியிருந்த ஒரத்தோரியன் சபையிற் சேர்ந்து, 1687இலே தம் ஊழியரான யோவான் என்பவருடன் தூத்துக்குடி வழியாகக் கடல் கடந்தார். கூலியாள் வேடமே அவருக்குக் கவசமாயிற்று. ஐரோப்பியக் குரு ஒருவர் எவ்வேடம் பூண்டாலும் நிறமே காட்டிக்கொடுத்திருக்கும். சுதேசிகள் என்ற காரணத்தால் ஐரோப்பியத் துறவற சபைகள் எவரைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கினவோ, அவர்களாலன்றி இலங்கைத் திருச்சபையைக் காத்திருக்க இயலாது என்பது அக்கால வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவர் வயிற்றோட்டத்தால் நலிந்து, தெருவோரத்திற் கிடந்தார். இரக்கமுள்ள பெண்ணொருத்தி ஊட்டிய கஞ்சியே அவரை உயிர்ப்பித்தது என அவர் வரலாறு கூறும். எழுந்து நடமாடத் தொடங்கிய பின், கத்தோலிக்கர் யாவர் என்பதை அவர் எவ்வாறு கண்டறிவது? வெளிப்படையாக வினவினாற் சாவு. வினவாவிடின் வந்ததன் பயனில்லை. கழுத்திலே செபமாலையொன்றை அணிந்துகொண்டு, வீடு வீடாகச் சென்று பிச்சை கேட்டார். பெரும்பாலோர் அரிசியையோ சோற்றையோ இட்டு அனுப்பினர். சிலருடைய கண்கள் மட்டும் அம்மாலையில் நிலைத்து நின்றன. அக்கண்களைக் கொண்டே அவர் தம் மந்தையை இனங்கண்டார். தோம்பைப் புரட்டியவர் காணாத ஒன்றை இப்பிச்சைக்காரர் வாசலில் நின்று கண்டார்.

பின்னர் கத்தோலிக்கர் செறிந்து வாழ்ந்த சில்லாலைக்கு அவர் அழைத்துச் செல்லப்பட்டார். இரண்டாண்டுகளுக்கு மேலாக அவ்வூரே அவருக்குப் புகலிடமாயிற்று. இரவிற் பூசை, பகலில் மறைவு, இருளிற் பிற ஊர்களுக்குப் பயணம். ஓர் ஊர் முழுவதும் அறிந்திருந்த இரகசியம், தலை கொய்யும் சட்டமும் காட்டிக்கொடுப்போருக்கு வெகுமதியும் இருந்த நாட்டிலே, இவ்வளவு காலம் காக்கப்பட்டது. தனியொருவரின் மன உறுதி கொண்டு இதனை விளக்க முடியாது. ஊரார் எல்லோரும், சிறுவர் உட்பட, வாய்காத்தனர் என்பதே பொருள்.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவிலே அவ்விரகசியம் உடைந்தது. நள்ளிரவுப் பூசைக்குக் கூடியிருந்தோரைப் படையினர் வளைத்துக்கொண்டனர். முந்நூற்றுவர் வரை பிடிபட்டனர் என ஒரத்தோரியன் சபையாரின் வரலாறுகள் கூறுகின்றன. அடிகளார் தப்பினார். ஆண்களுள் முதன்மையானோர் எண்மர் கசையடிக்குட்படுத்தப்பட்டனர். முன்னர் ஒல்லாந்தச் சபையிலிருந்து பின் கத்தோலிக்கரான ஒருவர் அவ்வடியிலேயே இறந்தார். எஞ்சியோர் கோட்டையிற் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டனர். மறுத்துரைத்துத் தோம்புச் சபைக்குத் திரும்பியிருந்தால் அவர்கள் வீடு சென்றிருக்கலாம். செல்லவில்லை. இந்நிகழ்ச்சியை விரித்துக் கூறும் நூல்கள் அடிகளாரின் அற்புதத் தப்புதலையே சிறப்பிப்பன. கோட்டையிற் கல் சுமந்தோரின் பிற்கால வாழ்வைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. அவர்கள் குருமாரல்லர், துறவியருமல்லர். குடும்பம் உடைய இல்லறத்தார்.

யாழ்ப்பாணத்தைவிட்டு நீங்கிய அடிகளார் 1690இற் புத்தளம் சென்று, 1692இற் கண்டியை அடைந்து, போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தாற் சிறையிடப்பட்டார். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் நல்லெண்ணத்தைப் பெற்றார். 1697இற் கண்டியில் அம்மைநோய் பரவியபோது, உறவினராலும் கைவிடப்பட்டுக் காட்டில் விடப்பட்டோரைச் சமயம் பாராது அவரும் அவருடைய மருமகனான குருவும் பராமரித்தமை பலராலும் எடுத்துரைக்கப்படுவது. 1711ஆம் ஆண்டு தை மாதம் 16ஆந் திகதி கண்டியிலேயே அவர் காலமானார். இவை யாவரும் அறிந்தவை. இக்கட்டுரையின் நோக்குக்கு இவற்றினும் முக்கியமானது, அவர் ஊர்தோறும் உருவாக்கியும் உறுதிப்படுத்தியும் சென்ற சபை அமைப்பேயாகும்.

நாடு முழுவதற்கும் ஒரு சில குருமாரே இருந்தனர். ஓர் ஊருக்கு ஆண்டிலே ஒருமுறையோ இருமுறையோ குருவானவர் வந்து, சில நாள் தங்கி, பாவசங்கீர்த்தனம் கேட்டு, பூசை செய்து, விவாகங்களை ஆசீர்வதித்துப் போவார். எஞ்சிய முந்நூற்றைம்பது நாளும் ஊரே தன் திருச்சபையை நடத்தவேண்டியிருந்தது. இதற்காக மூவகைப் பொறுப்பாளர் இருந்தனர். அண்ணாவியார் ஞாயிறுதோறும் செபத்தை முன்னின்று நடத்துவார். பிள்ளைகளுக்கு மந்திரங்களைப் படிப்பிப்பார். உயிராபத்தான குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார். மரணப் படுக்கையிற் கிடப்போரின் அருகிருந்து செபிப்பார். மூப்பர் ஊர்ப்பணத்தைக் காத்து, பிணக்குகளைத் தீர்த்து, குருவானவரின் போக்குவரவுக்கு ஒழுங்கு செய்வார். சங்கிலித்தாம் கோயிற் பொருட்களைப் பேணுவார். போர்த்துக்கேயச் சொல்லே இவ்வாறு தமிழாயிற்று. கூத்துப் பழக்குபவரும் செபம் படிப்பிப்பவரும் யாழ்ப்பாணத்தில் அண்ணாவியார் என்ற ஒரே பெயரால் வழங்கப்படுவது தற்செயலன்று. இரண்டிலும் நிகழ்வது ஒன்றே: வாயால் ஓதிக்கொடுத்து, பலர் கூடிப் பாடி, உடம்பிலும் மனத்திலும் ஊறச்செய்தல்.

ஒல்லாந்தரின் வாத்தியாரையும் கத்தோலிக்கரின் அண்ணாவியாரையும் அருகருகே வைத்து நோக்குதல் பயனுடையது. இருவரும் தமிழர், இருவரும் ஊரவர், இருவரும் ஏறத்தாழ ஒரே செபங்களையும் கற்பனைகளையுமே கற்பித்தனர். ஆனால் வாத்தியார் கம்பனியின் சம்பளக்காரர். அவர் ஒப்புவிக்கக் கேட்டது பதிவுக்காக. அண்ணாவியாருக்கு ஊரார் கொடுத்ததன்றி வேறு ஊதியமில்லை. பிடிபட்டாற் கசையடி உண்டு. வாத்தியார் வராதவனுக்குக் குற்றப்பணம் எழுதினார். அண்ணாவியார் வராதவனின் வீட்டுக்குப் போனார். போவதற்கு அவர் பெரும்பாலும் அவனுடைய உறவினராகவும் இருந்தார். இங்கே ஓர் உண்மையை மறைத்தல் தகாது. இக்கத்தோலிக்க ஊர்கள் பெரும்பாலும் ஒரே சாதியினர் வாழ்ந்த ஊர்கள். சமய ஒற்றுமை என்று நாம் காண்பதிற் பாதி உறவின் ஒற்றுமையுமாகும். பல சாதியினர் கூடிய இடங்களிற் கோயிலுக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு நின்றது. உள்ளத்தைத் தொட்ட சமயம் சாதியைத் தொடாது விட்டமை பிற்கால யாழ்ப்பாணத்துக்குக் கிடைத்த முதுசொங்களுள் ஒன்றே.

யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் பணி இச்சூழலில் வைத்தே விளங்கிக்கொள்ளத்தக்கது. 1705இல் இலங்கை வந்து 1742இற் காலமாகும்வரை அவர் சிங்களத்திலும் தமிழிலும் இடையறாது எழுதினார். ஒல்லாந்தரிடம் அச்சகம் இருந்தது. 1759இற் கொழும்பிலே தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சிடப்பட்டது. கொன்சால்வெசுக்கோ ஏடும் எழுத்தாணியும் படியெடுப்போருமே துணை. அவர் எழுதியவை பெரும்பாலும் தனித்திருந்து வாசிப்பதற்கானவை அல்ல. அண்ணாவியார் கையிலெடுத்துச் சபையில் ஓதுவதற்கானவை. தவக்காலத்திலே பாடப்படும் வியாகுலப் பிரசங்கம் அவற்றுட் சிறந்தது. குருவில்லாத ஊரிலே பெரிய வெள்ளிக்கிழமை ஒப்பாரிபோன்ற அவ்வோசையால் நிறைந்தது. இழவு வீட்டின் துயர மொழியை யாழ்ப்பாணத்தார் நன்கறிவர். அம்மொழியிலேயே கிறிஸ்துவின் பாடுகளை அழுதபோது, அச்சமயம் பரதேசத்துச் சமயம் என்ற நிலை அகன்றது.

இனி, இடர்ப்பாடான வினாவொன்று எஞ்சியுள்ளது. இக்கத்தோலிக்கருட் பலர் தம் பிள்ளைகளை ஒல்லாந்த ஆலயத்துக்கும் கொண்டு சென்றனர். விவாகத்தை அங்கும் பதிந்தனர். காணியுரிமை வேண்டுமாயின் வேறு வழியில்லை. வாத்தியார்முன் ஒப்புவித்துவிட்டு, குருவானவர் வந்தபோது மறைவில் ஆசீர்வாதம் பெற்றனர். அவ்வாறாயின் இவர்களுக்கும் இறப்பிலே இலையைச் செருகிய சைவருக்கும் வேறுபாடென்ன? சட்டத்தின் முன்னே வேறுபாடில்லை. இருசாராரின் பெயரும் ஒரே தோம்பில் அடுத்தடுத்த வரிகளிற் கிடந்தன. கம்பனியின் கணக்கில் இருவரும் சீர்திருத்தச் சபையினரே. கோடினர் கண்ட அம்மூன்று இலட்சத்துக்குள்ளே சைவரும் பௌத்தரும் கத்தோலிக்கரும் கலந்திருந்தனர். கத்தோலிக்கர் இதனைக் குற்றவுணர்வின்றிச் செய்தனர் எனவும் கூறமுடியாது. பாவசங்கீர்த்தனத்தில் அவர்கள் எதனைச் சொல்லி அழுதிருப்பர் என்பதை எந்தச் சுவடியும் கூறப்போவதில்லை. புறத்தே பணிந்து அகத்தே பிறிதாக வாழ்தலின் சுமையை இருசாராரும் சுமந்தனர் என்றுமட்டும் கொள்ளலாம்.

18ஆம் நூற்றாண்டிலும் கத்தோலிக்கருக்கெதிரான பிரகடனங்கள் மீண்டும் மீண்டும் வெளிவந்தன. ஒரே கட்டளை பலமுறை பிறப்பிக்கப்படுவது அது நிறைவேறவில்லை என்பதற்குச் சான்றாகும். கடுமையாக நடந்தால் மக்கள் கண்டி இராச்சியத்துள் ஓடிவிடுவர். மீன்பிடியும் வரியும் குன்றும். வணிகக் கம்பனிக்கு ஆன்மாக்களைவிட அவை அருமையானவை. ஆகவே நூற்றாண்டின் பிற்பாதியிற் பிடி தளர்ந்தது. சைவருக்கும் அத்தளர்வு வாய்த்தது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மீண்டெழுந்ததும், வண்ணார்பண்ணையில் வைத்தீசுவரன் கோயில் கட்டப்பட்டதும் ஒல்லாந்தர் ஆண்டுகொண்டிருந்த காலத்திலேயே.

ஆங்கிலேயர் வந்தபின் பள்ளிக்கூட வாத்தியார்களின் சம்பளம் சிறிது காலம் நின்றுபோயிற்று. சம்பளம் நிற்கவே ஞாயிற்று வாசிப்பும் நின்றது. தேசாதிபதி நோர்த் காலத்திற் பள்ளிகள் சில மீண்டும் உயிர்பெற்றன. பின்னர் செலவுக் குறைப்பினால் மீண்டும் மங்கின. உத்தியோகத்துக்கு ஞானஸ்நானம் வேண்டியதில்லை என்பது தெளிவாகவே, தோம்பிற் பெயர் எழுதுவிக்க வந்தோரும் வராதாயினர். தேசாதிபதி மெயிற்லண்டின் ஆட்சியில், 1806 வைகாசியில், கத்தோலிக்கர்மீதிருந்த தடைகள் யாவும் ஒழுங்குவிதியொன்றினால் நீக்கப்பட்டன. பிரித்தானியாவிலே கத்தோலிக்கருக்கு அவ்வுரிமை கிடைத்தது 1829இலேதான் என்பதை ஒப்பிடின், இலங்கையில் இது எத்துணை முற்பட்டது என்பது புலனாகும். புக்கானன் வந்ததும் அதே ஆண்டில்.

சீர்திருத்தச் சபையில் உள்ளம் தோய்ந்தவர் எவருமே இருக்கவில்லை எனக் கருதுதல் பிழை. 1723இற் கொழும்பிற் பிறந்த தமிழரான பிலிப்பு தெ மெல்லோ அச்சபையிற் பாதிரியாராகி, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பிலும் உழைத்து 1790இல் மறைந்தார். அவருடைய மொழிபெயர்ப்பு உழைப்பைச் சம்பளத்தால் விளக்க முடியாது. அவர் போன்றோரைச் சுற்றி, தமக்கென மூப்பரையும் பாட்டையும் பழக்கத்தையும் உடைய சிறுசபைகள் ஊர்தோறும் எழுந்திருந்தால் புக்கானன் வேறொன்றைக் கண்டிருப்பார். கம்பனி அதனை வேண்டியதில்லை. அதற்குத் தொகையே போதுமானதாயிருந்தது.

1816இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணம் வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்து நின்ற பழைய ஆலயங்களுக்குப் புதிதாகக் கூரை வேய்ந்து தங்கினர். உணவுக்கும் உத்தியோகத்துக்குமாகக் கிறிஸ்தவராவோரைப் பற்றிப் பிற்பாடு ஆறுமுக நாவலர் எழுப்பிய குற்றச்சாட்டை அவர்களுள் நேர்மையானோரும் தம் அறிக்கைகளில் மறைக்கவில்லை. அவ்வூர்களின் முதியோர், கூரையிருந்த காலத்தில் அவ்வாலயங்களிற் பத்துக் கற்பனைகளை ஒப்புவித்தவர்களே.

யோசேவாஸ் அடிகளுக்கு 1995இல் முத்திப்பேறு பெற்றோர் பட்டமும் 2015ஆம் ஆண்டு தை 14ஆந் திகதி கொழும்பு காலிமுகத்திடலிற் புனிதர் பட்டமும் வழங்கப்பட்டன. கண்டியில் அவர் அடக்கம் செய்யப்பட்ட கோயில் பின்னர் அழிந்துபோயிற்று. கல்லறை இருந்த இடம் இதுவரை உறுதியாக அடையாளங் காணப்படவில்லை. அவரைத் தம் ஊரில் இரண்டாண்டு காலம் மறைத்து வைத்திருந்த சில்லாலை மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் பாடுகின்றனர்.